கூலி கேட்டவர்கள் அரசியலுக்கு வந்த வழி

கேள்வி இது: ஆங்கிலேயர் ஆட்சியில் தொழிலாளர் இயக்கம் எப்படி அரசியல் இயக்கமாக மாறியது? காங்கிரஸ்காரர்களும் கம்யூனிஸ்டுகளும் அரசியலை ஆலைக்குள் கொண்டுபோனார்களா, தொழிலாளர்கள் தாமாகவே எழுந்து வந்தார்களா?

இரண்டுமே நடந்தன. ஆனால் மூன்றாவதாக ஒன்று உண்டு. அதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அன்றைய சர்க்காரே ஒவ்வொரு கூலித் தகராறிலும் முதலாளி பக்கம் வந்து நின்றது. மில் நிர்வாகம் வெள்ளையர் கையில். கூப்பிட்ட குரலுக்கு வந்த போலீஸ், வழக்கை விசாரித்த நீதிபதி, தடையுத்தரவு போட்ட கலெக்டர் எல்லாம் அதே ஆட்சியின் கைகள். இரண்டணா கூடக் கேட்டவன் நாலாம் நாள் எதிரே துப்பாக்கியைப் பார்த்தால், கூலி எங்கே முடிகிறது, ராஜாங்கம் எங்கே தொடங்குகிறது என்று அவனுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. சென்னை மாகாணத்தை வைத்து இதைச் சொல்கிறேன். ஆதாரங்கள் தெளிவாகக் கிடைக்கும் இடம் இதுதான்.

முதலில் சட்டம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். 1859ஆம் ஆண்டின் வேலை ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் அது கடன் தகராறு ஆகாது, குற்றம். மாஜிஸ்திரேட் பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது வேலையைச் செய்து முடி என்று உத்தரவிடுவார். மறுத்தால் மூன்று மாதம் வரை சிறை. கூலி கொடுக்காத முதலாளிக்கு இதில் சிறை கிடையாது. இந்தச் சட்டம் 1925இல்தான் ரத்தானது. வேலை நேரத்தின் கதையும் இப்படித்தான். 1881இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் வேலை நேர விஷயத்தில் குழந்தைகளைப் பற்றி மட்டுமே பேசியது. ஏழு வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்காதே என்றது. நெசவாலையில் வயது வந்த ஆணின் நேரத்துக்கு வரம்பு வந்தது 1911 சட்டத்தில். அந்த வரம்பே நாளைக்கு 12 மணி நேரம்.

இந்த நிலையில்தான் 1908 தூத்துக்குடி. ஹார்வி நிறுவனத்தின் கோரல் மில் தொழிலாளர்கள் பிப்ரவரி 27 அன்று வேலையை நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய நாட்களில் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களிடையே தொடர்ந்து பேசியிருந்தார்கள். கோரிக்கைகளில் சுயராஜ்யம் இல்லை. கூலி உயர்வு, வார விடுமுறை, வேலை நேரக் குறைப்பு, இவ்வளவுதான். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது.

எதனால் இறங்கி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அன்றாடங்காய்ச்சி குடும்பம் வேலைநிறுத்தத்தில் இறங்கினால், ஒரு வாரத்தில் வீட்டில் அரிசி தீர்ந்துவிடும். நிர்வாகங்கள் எப்போதும் நம்பியிருந்தது இதைத்தான். தூத்துக்குடியில் அந்தக் கணக்கு தப்பிப்போனது. வ.உ.சி. ஊரில் நிதி திரட்டினார். மில்லுக்குப் போகாதவர்களுக்கு ஊரார் சாப்பாடும் வேறு வேலையும் கொடுத்தார்கள். வெள்ளையருக்கு ஆதரவாக நின்றவர்களுக்கு நாவிதர்கள் சவரம் செய்ய மறுத்தார்கள். சுதேசிக் கப்பல் கம்பெனியால் ஏற்கெனவே ஊர் முழுக்க ஒரு வலை பின்னப்பட்டிருந்தது. வேலைநிறுத்தம் அந்த வலையின் மேல் நின்றது. அரசியல் இல்லாமல் அந்தக் கூலி உயர்வு கிடைத்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

மார்ச் 12இல் வ.உ.சி.யும் சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலகம் வெடித்தது. அரசு அலுவலகங்கள் எரிந்தன, போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். இந்த முறை கூலிக் கோரிக்கை ஏதுமில்லை, தலைவர்களைப் பிடித்துப் போனதற்கான எதிர்ப்பு மட்டும். திலகருக்குத் தண்டனை கொடுத்ததை எதிர்த்துப் பம்பாய் மில் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தது அதே ஆண்டு ஜூலையில். இந்தியத் தொழிலாளர்களின் முதல் அரசியல் வேலைநிறுத்தம் என்று பாடப் புத்தகங்கள் பலவும் பம்பாயைச் சொல்கின்றன. தூத்துக்குடி நான்கு மாதம் முந்தியது.

ஆனால் தூத்துக்குடியில் சங்கம் என்று ஒன்று இல்லை. உறுப்பினர் பதிவேடு இல்லை, சந்தா இல்லை, நிர்வாகக் குழு இல்லை. இரண்டு பேரைச் சிறையில் அடைத்ததும் எல்லாம் நின்றுபோனது. அடுத்த பத்து ஆண்டுகள் அங்கே பேசும்படியாக ஒன்றும் நடக்கவில்லை.

அந்தக் குறையைத் தீர்த்த இடம் பெரம்பூர். பின்னி கம்பெனியின் பக்கிங்காம் மில், கர்நாடிக் மில் இரண்டும் அருகருகே இருந்தன. 1918இல் போர் நடந்துகொண்டிருந்தது. அரிசியும் துணியும் விலையேறின, கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. மில்களுக்கோ ராணுவத்துக்குக் காக்கித் துணி நெய்வதில் நல்ல லாபம். வேலைக்கு எடுப்பது, நீக்குவது, அபராதம் போடுவது பெரும்பாலும் மேஸ்திரியின் வாய்ச்சொல்லில் நடந்தது. மேஸ்திரிக்கு மேலே வெள்ளைக்கார அதிகாரிகள்.

அந்தப் பகுதியில் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இருவர் ஒரு பக்தி சபை நடத்தி வந்தார்கள். தொழிலாளர்கள் மாலையில் கதை கேட்க வந்து, தங்கள் குறையையும் அங்கே சொல்லிப் போனார்கள். அந்தக் குறைகளை இருவரும் அன்னி பெசன்டின் நியூ இந்தியா பத்திரிகையில் இருந்த பி.பி.வாடியாவிடம் கொண்டுபோனார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. வாடியா தலைவர். திரு.வி.கல்யாணசுந்தரனார் துணைத் தலைவர்களில் ஒருவர். முறையான அமைப்போடு இயங்கிய இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். அதற்கு முன் பம்பாயில் நாராயண் மேகாஜி லோகாண்டே 1880களிலேயே மில் தொழிலாளர்களுக்காக மனுக்கள் கொடுத்திருக்கிறார். ஞாயிறு விடுமுறை 1890இல் அங்கே கிடைத்ததும் அந்த முயற்சியால்தான். ஆனால் அவருடைய அமைப்புக்குச் சந்தாவோ விதிகளோ இருக்கவில்லை.

சங்கம் முதலில் கையில் எடுத்த கோரிக்கைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டு இடைவேளை. அரை மணி நேரம் இருந்ததை நாற்பது நிமிடமாக்கக் கேட்டார்கள். பத்து நிமிடத்துக்காகவா சங்கம் என்று இன்று தோன்றலாம். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சங்கொலியில் ஒரே வாசலை நோக்கி நகர வேண்டும். வெளியே வர நேரம், கைகால் கழுவ வரிசை, தூக்குச் சோற்றோடு உட்கார நிழல் தேடும் நேரம், மறுபடி உள்ளே போகும் நேரம் எல்லாம் போக, சாப்பிட மிஞ்சியது சொற்பம். தாமதமாக நுழைந்தால் கூலியில் பிடித்தம். எனவே அந்தப் பத்து நிமிடம்தான் மென்று தின்பதற்கும் விழுங்கிவிட்டு ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம். கோரிக்கையை வாடியா தேர்ந்தெடுத்த விதமும் கெட்டிக்காரத்தனமானது. நூற்புப் பகுதி, நெசவுப் பகுதி, எந்தச் சாதி, எந்த மதம் என்ற பேதமில்லாமல் எல்லாரையும் தொடுகிற விஷயம் அது. கூலி விகிதத்தைக் கையில் எடுத்திருந்தால் முதல் நாளே பகுதிக்கொரு பேச்சாக உடைந்திருக்கும்.

வாடியா புரட்சிக்காரர் அல்ல. போர்க் காலத்தில் வேலைநிறுத்தம் வேண்டாம், ராணுவத்துக்குப் போகும் துணி தடைபடக்கூடாது என்று அவரே தொழிலாளர்களைத் தடுத்தார். நிர்வாகமோ கதவடைப்புச் செய்தது. வேலைநிறுத்தத்துக்கும் கதவடைப்புக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த மூன்று ஆண்டுகள் அதன் மேல்தான் ஓடின. வேலைநிறுத்தத்தின் நேரத்தைத் தொழிலாளி குறிக்கிறான். சரக்கு அவசரமாகத் தேவைப்படும் சமயமாகப் பார்த்து நிறுத்தினால் அவனுக்கு பலம். கதவடைப்பின் நேரத்தை நிர்வாகம் குறிக்கிறது. கிடங்கில் துணி தேங்கியிருக்கும்போது, தொழிலாளிக்குச் சேரவேண்டிய கூலி இன்னும் கைக்கு வராத சமயத்தில், கதவை மூடினால் போதும். ஒரு பகுதியில் நடந்த சின்ன உரசலைக் காரணமாக்கி மில் முழுவதையும் மூடுவது வழக்கமானது.

1920 இறுதியில் இது முற்றியது. டிசம்பரில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அதைவிட நீண்ட நிழல் போட்டது ஒரு சிவில் வழக்கு. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார்கள் என்று வாடியா மீதும் சங்கத் தலைவர்கள் மீதும் கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்தில் நஷ்டஈட்டு வழக்குப் போட்டது. நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. இதில் உள்ள அநியாயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் இதே வகை வழக்கால் ஒரு ரயில்வே தொழிற்சங்கம் 1901இல் பெரும் நஷ்டஈடு கட்ட நேர்ந்தது. அங்கே தொழிலாளர்களுக்கு ஓட்டு இருந்தது, நாடாளுமன்றத்தில் ஆள் இருந்தது. 1906இல் சட்டத்தையே மாற்றி, தொழில் தகராறில் அப்படி வழக்குப் போட முடியாதபடி செய்துவிட்டார்கள். பதினான்கு ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தில் கைவிட்ட அதே ஆயுதம் சென்னையில் எடுக்கப்பட்டது. இங்கே அதை மாற்றத் தொழிலாளிக்கு ஓட்டும் இல்லை, சபையில் ஆளும் இல்லை.

வழக்கு சமரசத்தில் முடிந்தது. வாடியா தொழிலாளர் இயக்கத்திலிருந்து விலகினார். ஆனால் நாடு முழுவதும் சங்கம் நடத்தியவர்கள் மிரண்டார்கள். நாளைக்குத் தங்கள் வீடும் ஜப்திக்கு வரலாமே! 1921 மார்ச்சில் தொழிற்சங்கத் தலைவர் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கப் பாதுகாப்புக்குத் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் பலனாக 1926 தொழிற்சங்கச் சட்டம் வந்தது, 1927 ஜூன் 1 முதல் அமலானது. ஏழு பேர் சேர்ந்து மனுப் போட்டால் சங்கத்தைப் பதியலாம். பதிந்த சங்கத்தின் மேல் குற்றச் சதி வழக்கும், ஒப்பந்த மீறலுக்குத் தூண்டியதாக நஷ்டஈட்டு வழக்கும் போட முடியாது. நிர்வாகிகளில் பாதிப் பேர் வரை வெளியாட்களாக இருக்கலாம். அரசியல் செலவுக்குத் தனி நிதி வைக்கலாம், ஆனால் அதற்குப் பணம் தரும்படி உறுப்பினரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. பெரிய ஓட்டை ஒன்றும் இருந்தது. பதிந்த சங்கத்தை நிர்வாகம் அங்கீகரித்துப் பேச வேண்டும் என்று சட்டத்தில் எங்குமே இல்லை. பதிவுச் சான்றிதழை வைத்துக்கொண்டு மில் வாசலில் நிற்கலாம், உள்ளே கூப்பிட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

இதற்கு நடுவில் 1921 வேலைநிறுத்தம். சென்னைத் தொழிலாளர் வரலாற்றிலேயே வலி மிகுந்த பகுதி இதுதான், பூசி மெழுகாமல் பேச வேண்டியதும் இதுதான். மே மாதம் கர்நாடிக் மில்லில் தொடங்கி, ஜூனில் பக்கிங்காம் மில்லுக்கும் பரவி, அக்டோபர் வரை நீடித்தது. சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, இரு பக்கமும் மோதிக்கொண்டார்கள், போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின.

வேலைக்குத் திரும்பியவர்களைக் கருங்காலிகள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிற எழுத்து இன்றும் உண்டு. அது சரியில்லை. மில் வேலை ஆதிதிராவிடருக்குக் கூலி மட்டும் தரவில்லை. பண்ணையடிமை வாழ்க்கையிலிருந்து வெளியேற அதுவே வழி. வேலை போனால் ஊருக்குத் திரும்பிப் போய் உட்காரச் சொந்த நிலம் கிடையாது. கடன் கொடுக்க உறவினரோ சாதிச் சங்கமோ கிடையாது. மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் சக்தி இருவருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. அவர்களை வேலைக்குப் போகச் சொன்ன ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி.ராஜா இந்தக் கணக்கைத்தான் பார்த்தார். சங்கத்திடம் அந்த வித்தியாசத்தை ஈடுகட்டும் வேலைநிறுத்த நிதி இல்லை. தலைமையிலும் ஆதிதிராவிடர் குரல் பலமாக இல்லை. அதே சமயம் வேலைநிறுத்தம் காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தோடும், துருக்கிக் கலீபாவுக்காக முஸ்லிம்கள் நடத்திய கிலாபத் இயக்கத்தோடும் கலந்தது. அந்த இயக்கங்கள் தங்களுக்கு என்ன தரும் என்ற சந்தேகம் ஆதிதிராவிடருக்கு நியாயமாகவே இருந்தது.

சர்க்கார் இந்தப் பிளவை வசதியாகப் பயன்படுத்திக்கொண்டது. அன்றைய சென்னையில் லேபர் கமிஷனரின் முதன்மை வேலை ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் நலன். எனவே வேலைக்குத் திரும்பியவர்களுக்குக் காவலும் உதவியும் கொடுப்பது தன் கடமை என்று அந்த இலாகா வாதிட முடிந்தது. ஆட்சியில் இருந்த நீதிக்கட்சியின் தலைவர் தியாகராயச் செட்டியாரே வேலைநிறுத்தக்காரர் பக்கம் நின்று அந்த இலாகாவைக் கடுமையாகச் சாடினார். திரு.வி.க.வை நாடு கடத்தப் போவதாக கவர்னர் வில்லிங்டன் மிரட்டினார். அக்டோபரில் தொழிலாளர்கள் தோற்றுத் திரும்பினார்கள். 1922இல் நிர்வாகம் சங்கத்துக்குப் பதிலாகத் தன் மேற்பார்வையில் ஒரு நலக் குழுவை அமைத்தது. சேரி ஒரு பக்கம், தெரு ஒரு பக்கம் என்று பெரம்பூர் பிரிந்ததைச் சரிசெய்ய அடுத்து வந்த சங்கங்கள் பல ஆண்டுகள் பாடுபட வேண்டியிருந்தது.

தலைமை ஏன் எப்போதும் வெளியாட்களிடம் இருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பெயரைக் கொடுத்த தொழிலாளிக்கு மறுநாள் வேலை இருக்காது. மனு ஆங்கிலத்தில் எழுத வேண்டும், கோர்ட்டில் வாதாட வேண்டும். வக்கீலையும் பத்திரிகைக்காரரையும் நிர்வாகத்தால் வேலையிலிருந்து நீக்க முடியாது. அதனால் அவர்கள் முன்னால் நின்றார்கள். விலை என்ன என்றால், அந்த ஒருவரைச் சர்க்கார் தூக்கிவிட்டால் சங்கம் முடங்கிவிடும். தூத்துக்குடியில் நடந்தது அது, வாடியா விஷயத்திலும் நடந்தது அது.

ம.சிங்காரவேலர் இந்தச் சிக்கலை வேறு கோணத்தில் அணுகினார். மீனவக் குடும்பத்தில் 1860இல் பிறந்தவர், வக்கீல். 1922 டிசம்பரில் கயா காங்கிரஸ் மாநாட்டிலேயே தன்னைக் கம்யூனிஸ்ட் என்று சொல்லிக்கொண்டு பேசினார். 1923 மே 1 அன்று சென்னையில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் மே தினக் கூட்டங்கள் நடந்தன. இந்தியாவில் மே தினம் கொண்டாடப்பட்டது அதுவே முதல்முறை. அன்றே தொழிலாளர் விவசாயிகள் கட்சியையும் தொடங்கினார். சங்கம் கூலியைக் கேட்கட்டும், ஆட்சியைக் கேட்கத் தொழிலாளிக்கென்று கட்சி வேண்டும் என்பது அவர் முடிவு. வாடியாவின் அனுபவத்திலிருந்து எடுக்கக்கூடிய நேரான பாடம் அது.

அந்த முடிவைச் சோதித்தது 1928 ஜூலையில் நடந்த தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம். நாகப்பட்டினம், போத்தனூர் பட்டறைகளைத் திருச்சி பொன்மலைக்கு மாற்றி ஒன்றாக்கக் கம்பெனி திட்டமிட்டது. ஆட்குறைப்புக்கு ஆளாக இருந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். யாரை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கத் தொழில் தேர்வு நடத்துவதாக அறிவித்தார்கள். பத்து இருபது வருடம் இன்ஜின் பழுது பார்த்தவனைப் புதிதாகப் பரீட்சை எழுதச் சொன்னால், அது திறமைக்கான சோதனை ஆகாது, வெளியே அனுப்புவதற்கான வழி என்று தொழிலாளர்கள் புரிந்துகொண்டார்கள். ஜூலை 20ஐ ஒட்டித் தொடங்கிய வேலைநிறுத்தம் பத்து நாளில் முறிந்தது. ரயில் தடம்புரண்ட சம்பவங்களை வைத்துச் சதி வழக்குப் போட்டார்கள். 68 வயது சிங்காரவேலருக்கும் வேலைநிறுத்தத்தின் இன்னொரு தலைவரான முகுந்தலால் சர்க்காருக்கும் பத்தாண்டுத் தண்டனை, பின்னர் அது குறைக்கப்பட்டது.

அடுத்த ஆண்டே, 1929இல், தொழில் தகராறுச் சட்டம் வந்தது. ரயில், தபால் போன்ற பொதுச் சேவைகளில் பதினான்கு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்தினால் குற்றம். தங்கள் தொழிலின் தகராறுக்கு அப்பாற்பட்ட நோக்கத்தோடு, பொதுமக்களுக்குக் கஷ்டம் கொடுத்து அரசை நெருக்கும் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். கூலி வேறு, அரசியல் வேறு என்று சர்க்காரே கோடு போட்ட இடம் இது. அந்தக் கோட்டைச் சட்டத்தில் எழுத வேண்டி வந்ததே அது ஏற்கெனவே அழிந்துபோயிருந்தது என்பதற்குச் சாட்சி. அதே ஆண்டு மார்ச்சில், ஆட்சியைக் கவிழ்க்கக் கம்யூனிஸ்டுகள் சதி செய்ததாகப் போட்ட மீரட் சதி வழக்கில் நாடு முழுவதும் தொழிற்சங்கத் தலைவர்களைப் பிடித்தார்கள்.

பக்கத்திலேயே வேறொரு காலனி ஆட்சி இருந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. பிரெஞ்சுப் புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் மேல் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அடக்குமுறையில் பிரெஞ்சுக்காரர் எந்த வகையிலும் மென்மையானவர்கள் அல்ல. ஆனால் அப்போது பாரிஸில் இடதுசாரிகளின் மக்கள் முன்னணி ஆட்சி. புதுச்சேரித் தொழிலாளர் தலைவர் வ.சுப்பையா நேராக அங்கே போய் வாதாட முடிந்தது. 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் சட்டமாயின. எல்லையைத் தாண்டி பிரிட்டிஷ் இந்தியாவில் 1934 தொழிற்சாலைச் சட்டப்படி அப்போதும் நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம். இரு பக்கமும் அதே தமிழ்த் தொழிலாளர்கள், அதே நூற்பு இயந்திரங்கள். தலைநகரில் யார் ஆட்சி என்பது மட்டும் வேறு.

ஏன் தொழிலாளர் கட்சி ஒன்று தனியாக வேரூன்றவில்லை என்றும் கேட்கலாம். ஓட்டுரிமை சொத்தையும் வரியையும் வைத்துக் கொடுக்கப்பட்டது. வாடகைக் குடிசையில் இருந்த மில் தொழிலாளிக்கு ஓட்டுச் சீட்டு கிடைக்க வழியில்லை. 1935 இந்திய அரசுச் சட்டம் சில தொழிலாளர் தொகுதிகளை ஒதுக்கியது, அவ்வளவுதான். அதனால் இயக்கத்தில் வளர்ந்தவர்கள் காங்கிரசுக்குள்ளும் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சிக்குள்ளும் கம்யூனிஸ்ட் கட்சிக்குள்ளும் போய் வேலை செய்தார்கள். தொழிற்சங்கத்திலிருந்து வந்த வி.வி.கிரி 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் துறை அமைச்சரானார்.

1946இல் பிரகாசம் அமைச்சரவையிலும் அதே துறை கிரியிடம் இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று, வேலைநிறுத்தத்தில் இருந்த ரயில்வே தொழிலாளர்கள் மேல் பொன்மலையில் போலீஸ் சுட்டது. ஐந்து பேர் இறந்தார்கள். 1928இல் எந்தப் பட்டறைக்காகச் சிங்காரவேலர் சிறை போனாரோ, அதே பட்டறை.